குண்டும் குழலும் ஒத்துப்போகும் கணக்கு: பிஸ்டலின் துல்லியம் எங்கிருந்து வருகிறது?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோர், துப்பாக்கி வாங்கிய கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த பெல்லட் (அதில் இடும் சிறு ஈயக் குண்டு) நல்லது? கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்வார்; மாநிலப் போட்டிக்குப் போய்வந்த அண்ணன் வேறொரு பெயரைச் சொல்வார்; யூடியூபில் பேசுபவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். மூவரும் அவரவர் துப்பாக்கியில் கண்டதைத்தான் சொல்கிறார்கள், அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஒரு குழலுக்கு எந்த பெல்லட் ஒத்துப்போகும்? இந்தக் கேள்வியை மிகவும் பொறுமையாக ஆராய்ந்தவர்கள், தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க, ஐரோப்பிய பிஸ்டல் வீரர்கள். அவர்கள் செய்வதை நம் ஊரில் ஒருவர் வீட்டில் வைத்துச் செய்தால் அது கடுமையான குற்றம். ஆயினும் அவர்கள் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி, சட்டத்துக்கு உட்பட்டுப் பயிற்சி செய்யும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஒரு பிஸ்டல் தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்து, அடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. சுட்டு முடித்தபின் குண்டும் மருந்தும் பிரைமரும் செலவாகிவிடுகின்றன. பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கூட்டை டை எனும் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பதித்து, வாயைச் சற்று விரித்து, அளந்த மருந்தை இட்டு, புதிய குண்டைச் செருகி, விரித்த வாயை மீண்டும் இறுக்குவதே மறுநிரப்பல். சிக்கனத்துக்காக இதைத் தொடங்குபவர்கள் அதிகம். ஆனால் போட்டி வீரர்கள் இதில் இறங்குவதன் காரணம் வேறு: ஒவ்வொரு தோட்டாவும் முந்தைய தோட்டாவைப் போலவே இருக்க வேண்டும், அந்த ஒற்றுமை தம்முடைய துப்பாக்கியின் குழலுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

தானியங்கி பிஸ்டல் என்று வரும்போது இந்த வேலை ரைபிளைவிடச் சிக்கலாகிறது. ரைபிளில் தோட்டாவைக் கையால் உள்ளே வைத்து போல்ட்டைப் பூட்டிச் சுடலாம். பிஸ்டலில் தோட்டாவே இயந்திரத்தின் ஓர் உறுப்பு போல வேலை செய்கிறது. அது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து சரிவில் ஏறித் தடங்கலின்றிக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் நுழைய வேண்டும். வெடித்தபின் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) பின்னுக்குத் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றும் அளவுக்கு உந்துதலும் தர வேண்டும். போட்டிக்காக மருந்தைக் குறைத்து மென்மையான தோட்டா செய்பவர்கள், அதற்கு ஏற்ப ஸ்லைடின் ஸ்பிரிங்கையும் இலகுவானதாக மாற்றுவது இதனால்தான். 1911 மாடல் .45 பிஸ்டலில் ராணுவத் தோட்டாவின் குண்டு 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) எடையுள்ளது. இலக்குப் போட்டிக்காரர்கள் வழக்கமாக 185 அல்லது 200 கிரெய்ன் குண்டுகளைக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறார்கள். வேகம் குறைந்தால் உதைப்பு குறையும், அடுத்த குண்டுக்குக் கை விரைவில் நிலைப்படும்.

இன்னொரு நுட்பம், கூட்டின் வாயைப் பற்றியது. 9 மி.மீ. பாரபெல்லம், .45 ஏ.சி.பி. ஆகிய தோட்டாக்களில் கூட்டின் அடிவிளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதில்லை. அறைக்குள் இறங்கும் தோட்டா எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கூட்டின் வாய்விளிம்பே தீர்மானிக்கிறது; அறையின் முன்முனையில் உள்ள ஒரு சிறு படியில் அது முட்டி நிற்கிறது. எனவே வாயை உள்நோக்கி உருட்டி இறுக்கினால், முட்டி நிற்க விளிம்பே இல்லாமல் போய்த் தோட்டா வேண்டியதைவிட ஆழமாக இறங்கிவிடும். வாயை விரித்தபடியே விட்டாலோ அறைக்குள் நுழையாது. விரித்ததை மட்டும் நேராக்கும் மெல்லிய சரிவான இறுக்கமே இவ்வகைக்குப் பொருந்தும். விரலால் தடவினால்கூடத் தெரியாத இந்த அளவு வேறுபாட்டில்தான் ஒரு தோட்டா சரியாக ஓடுவதும் சிக்கிக்கொள்வதும் தங்கியிருக்கின்றன. ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோ, நோ-கோ கேஜ் வைத்து ஒரு துளையை ஏற்பதும் தள்ளுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

இனி, பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு வருவோம். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறாமல் இருந்தாலே துல்லியம் வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தொலைதூர ரைபிளில் அது பெரிய அளவுக்கு உண்மை. 25 மீட்டர் பிஸ்டலில் கணக்கு வேறாக இருக்கிறது. நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 25 மீட்டரை ஏறத்தாழ 0.1 நொடியில் கடக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 49 மி.மீ. கீழே இழுக்கும். வேகம் 260 ஆக உயர்ந்தால் இழுப்பு சுமார் 45 மி.மீட்டராகக் குறையும். ஆக, நொடிக்கு 10 மீட்டர் என்ற கணிசமான வேக வித்தியாசம் இலக்கில் உண்டாக்கும் மேல்கீழ் விலகல் 4 மி.மீட்டருக்கும் குறைவு. 25 மீட்டர் துல்லியப் பிரிவு இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. மேலும், மெதுவாகப் போகும் குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் உதைப்பினால் குழலின் வாய் மேலே எழுகிறது. எனவே வேகக் குறைவால் வரும் இறக்கத்தில் ஒரு பகுதி தானாகவே ஈடுசெய்யப்படுகிறது. வேகம் அளக்கும் கருவியான கிரோனோகிராப் காட்டும் எண்களை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர், துல்லியத்துக்கு அவ்வளவாகத் தொடர்பில்லாத ஓர் எண்ணைத் துரத்திக்கொண்டிருக்கிறார் என்பதே என் முடிவு.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? முதலில் குண்டும் குழலும் பொருந்தும் விதம். குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள்வரிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றுகின்றன. குண்டு வரிப்பள்ளத்தின் அளவைவிடச் சிறியதாக இருந்தால் வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தை உருக்கும், குண்டும் நடுக்கோட்டில் நில்லாமல் ஆடியபடி வெளியேறும். ஈயக் குண்டு வார்ப்பவர்கள் அதனால்தான் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி எடுத்து, அதில் பதிந்த பள்ளத்தின் அளவை மைக்ரோமீட்டரில் பார்த்து, அதைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிய குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்து, குண்டின் அடிப்பாகம். குழலைவிட்டு வெளியேறும் நொடியில் வாயுவின் தள்ளுதலைக் கடைசியாகப் பெறுவது அந்த அடிப்பாகம்தான். அங்கே ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். மூக்கில் விழுந்த கீறல் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. மூன்றாவது துப்பாக்கியின் சொந்தக் குணம். பல தானியங்கி பிஸ்டல்களில் உள்ள பிரவுனிங் முறையில் ஒவ்வொரு சுடுதலிலும் குழல் கீழே சாய்ந்து மீண்டும் பூட்டிக்கொள்கிறது. குறிபார்க்கும் உறுப்புகளோ ஸ்லைடின் மேல் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் குழல் அதே இடத்தில் வந்து பூட்டவில்லையென்றால் உலகத்தின் மிகச் சிறந்த தோட்டாவாலும் பயனில்லை. கையால் ஸ்லைடை இழுத்து ஏற்றிய முதல் தோட்டா தனியாக ஓரிடத்தில் விழுவதும், தானாக ஏறிய மற்றவை ஒன்றாகச் சேர்வதும் பல பிஸ்டல்களில் காணப்படுவதற்குக் காரணம் இந்தப் பூட்டுதலில் உள்ள சிறு வேறுபாடே.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்த வீரர்கள் தங்கள் தோட்டாவை எப்படிக் கண்டடைகிறார்கள் என்பதில்தான் நாம் கற்க வேண்டிய ஒழுங்கு இருக்கிறது. மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். உச்ச வரம்பைத் தாண்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார்கள். மருந்தின் அளவை மாற்றும்போது குண்டு, கூடு, பிரைமர், செருகும் ஆழம் எதையும் தொடுவதில்லை. இந்த ஒழுங்கு துல்லியத்துக்காக மட்டுமானதன்று. 9 மி.மீ. கூட்டின் உள்ளிடம் மிகச் சிறியது. குண்டு சற்று ஆழமாக அமுங்கிவிட்டாலே உள்ளழுத்தம் வேகமாக உயரும். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்துள்ள வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வேகமாக எரியும் பிஸ்டல் மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாமல் இருப்பதுண்டு; கவனம் சிதறி இரண்டு முறை இட்டுவிட்டாலும் வெளியே தெரியாது. துப்பாக்கி கையிலேயே சிதறிய விபத்துகளுக்குப் பின்னால் இத்தகைய இரட்டை நிரப்பல்கள் இருந்திருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் மருந்திட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகே குண்டைச் செருகுகிறார்கள்.

சோதனையில் கை நடுக்கம் கலந்துவிடாமல் இருக்க, ரான்சம் ரெஸ்ட் போன்ற இறுகப் பிடிக்கும் தாங்கியில் பிஸ்டலைப் பூட்டிச் சுடுகிறார்கள். அதன்பிறகு வருவது எண்ணிக்கைக் கணக்கு. பெரும்பாலோர் ஏமாறும் இடமும் இதுதான். ஐந்து குண்டுகளைச் சுட்டு, அவை நெருக்கமாக விழுந்தால் மகிழ்ந்துபோகிறோம். ஆனால் அதே துப்பாக்கியில் அதே தோட்டாவை வைத்து மீண்டும் ஐந்து சுட்டால், இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வருவது சாதாரணம். எதுவும் மாறவில்லை, தற்செயல் மட்டுமே மாறியிருக்கிறது. எண்ணிக்கை கூடினால் கூட்டத்தின் அகலமும் கூடும் என்பதையும் மறக்கலாகாது: பத்துக் குண்டுக் கூட்டம் சராசரியாக ஐந்து குண்டுக் கூட்டத்தைவிடக் கால் பங்கு பெரிதாக இருக்கும், மூன்று குண்டுக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கையும் தாண்டும். ஒருவர் மூன்று குண்டு சுட்ட படத்தையும் இன்னொருவர் பத்துக் குண்டு சுட்ட படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது. மிகத் தொலைவில் விழுந்த இரண்டு குண்டுகளை மட்டும் அளப்பதைவிட, எல்லாக் குண்டுகளின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியது என்று அளந்து சராசரி எடுப்பது நம்பகமானது. ஏனென்றால் அங்கே சுட்ட ஒவ்வொரு குண்டும் சாட்சி சொல்கிறது.

இவ்வளவும் அங்கே நடப்பவை. இங்கே நிலைமை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவில், உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதைத் தடைசெய்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான உரிமம் தோட்டா தயாரிப்பதற்கான உரிமம் ஆகிவிடாது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறித் தயாரிப்பவருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டும் அதிகபட்சம் ஆயுள்வரையும் சிறைத்தண்டனை உண்டு. மேலே சொன்ன 9 மி.மீ. பாரபெல்லம், நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் பொதுமக்கள் வைத்திருக்க முடியாத வகை. உரிமம் பெற்ற .32 பிஸ்டல்காரருக்கும் வாங்கும் தோட்டாவின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வெடிமருந்தும் தோட்டாவும் செய்வதில் அரசு நிறுவனங்களுக்கு முக்கிய இடம் உண்டு: நீலகிரியில் நூறாண்டைக் கடந்த அருவங்காடு தொழிற்சாலை உந்துமருந்து செய்கிறது, புனே அருகே கட்கியில் உள்ள தொழிற்சாலை சிறு ஆயுதத் தோட்டாக்களைச் செய்கிறது. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பிறகு இவையிரண்டும் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்துள்ளன.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்துக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் வட்டாரக் காட்டோரங்களில் கள்ளத்தனமான நாட்டுத் துப்பாக்கி இன்னும் முழுமையாக ஒழியவில்லை. உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி வனத்துறையும் காவல்துறையும் கிராமங்களில் சொல்லிவருகின்றன. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்ட நிலம் இது. மருந்தைக் கைக்கணக்கில் கொட்டி, இரும்புத் துண்டுகளைத் திணித்துச் சுடும் அந்த வேலைக்கும், இங்கே பேசப்படும் விளையாட்டுக்கும் எந்த உறவும் இல்லை. அது சுடுபவரின் கண்ணையும் கையையும் பறிக்கிறது. காட்டு விலங்கைக் காயத்தோடு அலையவிடுகிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டை விரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டை ஊரில் உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் என்று நான் கருதுகிறேன். அப்போதுதான் பிள்ளை பிஸ்டல் பழகப் போகிறான் என்று சொல்லும் தாய் தந்தையை அக்கம்பக்கத்தார் சந்தேகத்தோடு பார்க்கமாட்டார்கள்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல் ஏர் பிஸ்டல். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, .177 அங்குல விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் அனுப்பும் போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலைக்கூடத் தொடுவதில்லை. இங்கே கூடு, பிரைமர், மருந்து எதுவும் இல்லை. நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது பெல்லட் மட்டுமே. மறுநிரப்பல்காரருக்குக் கிடைக்கும் நான்கு சுதந்திரங்களில் ஒன்றே ஒன்றுதான் நமக்கு மிஞ்சுகிறது. ஆனால் துல்லியத்தைப் பெரிதும் தீர்மானிப்பது குண்டும் குழலும் பொருந்தும் விதமே என்று மேலே பார்த்தோமே, மிஞ்சியிருப்பது அதே சுதந்திரம்தான்.

ஒரு பெல்லட்டை எடுத்து லென்ஸின்கீழ் வைத்துப் பாருங்கள். முன்னால் தட்டையான தலை, இடுப்பு குறுகி, பின்னால் பாவாடை போல விரிந்த மெல்லிய விளிம்பு, உள்ளே வெற்றிடம். தலை சுருள்வரியில் படிந்து நடுக்கோட்டில் செல்ல வேண்டும். காற்று தள்ளும்போது பாவாடை விரிந்து குழலை அடைத்துக் கசிவைத் தடுக்க வேண்டும். தட்டைத் தலை காகிதத்தில் வட்டமான சுத்தத் துளையை வெட்டுவதற்காக வைக்கப்பட்டது. மதிப்பெண் அளப்பதற்கு அது அவசியம். தகர டப்பாவின் லேபிளில் 4.48, 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம், மி.மீட்டரில். நூறில் ஒரு மி.மீட்டர்! டப்பாவைக் கீழே தவறவிட்டாலோ, பயணத்தில் குலுங்கினாலோ, பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் மடங்கிவிடுகிறது. அப்படி மடங்கியது லென்ஸில் பார்த்தால் வட்டத்துக்குப் பதில் முட்டை வடிவமாகத் தெரியும். அதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது. விலையுயர்ந்த பெல்லட்டுகள் நுரைத் தட்டில் ஒவ்வொன்றாகப் பதித்து விற்கப்படுவதன் காரணமும் இந்தப் பாவாடைதான்.

நூறில் ஒரு மி.மீட்டருக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்பவர்களுக்கு, இலக்கின் கணக்கே பதில் சொல்லும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; வட்டத்துக்கு வட்டம் ஆரத்தில் 8 மி.மீ. இடைவெளி. இறுதிச் சுற்றில் மதிப்பெண் பத்தில் ஒரு பங்காக எண்ணப்படுகிறது; அதாவது 0.1 மதிப்பெண் என்பது இலக்கில் 0.8 மி.மீ. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் பெற்றபோது, வெள்ளிக்கான போட்டியில் நீடிப்பதற்கு அவருக்குக் குறைந்தது அந்த 0.1-தான். இங்கே வேகமும் சற்றுப் பேசத் தொடங்குகிறது. 150 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் ஒன்று 153-க்கு மாறினால் பத்து மீட்டரில் ஏறத்தாழ 0.8 மி.மீ. மேலே விழும், ஏறக்குறைய அதே 0.1 மதிப்பெண். தகுதிச் சுற்றிலோ முழு எண் மட்டுமே கணக்கு, அங்கே இந்த வித்தியாசம் அநேகமாகக் கண்ணில் படாது.

அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளும் இன்றே பெல்லட் சோதனையில் இறங்க வேண்டுமா? வேண்டியதில்லை; அதற்கும் கணக்கு இருக்கிறது. கையின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் எடுத்துக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். புதிதாகப் பழகும் ஒருவரின் கைச்சிதறல் 6 மி.மீ., பெல்லட்டின் சிதறல் 1.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 6.1 மி.மீ. மட்டுமே. பெல்லட்டை எவ்வளவு மேம்படுத்தினாலும் அவருக்குக் கிடைக்கப்போவது 0.1 மி.மீ.; அந்தப் பணத்தையும் நேரத்தையும் பிடிப்பிலும் டிரிகரிலும் செலவிட்டால் பல மடங்கு பலன் வரும். கைச்சிதறல் 3 மி.மீட்டராகச் சுருங்கிய வீரருக்கு நிலைமை மாறுகிறது. நல்ல பெல்லட்டில் மொத்தம் 3.2, தன் குழலுக்கு ஒவ்வாத, 2.5 மி.மீ. சிதறும் பெல்லட்டில் மொத்தம் 3.9. இந்த இடைவெளி போட்டியில் பதக்கத்துக்கும் பட்டியலின் நடுவுக்கும் உள்ள இடைவெளியாக ஆகக்கூடும். எனவே தொடக்கநிலைப் பிள்ளைக்கு வெளிப்படையாகப் பழுதில்லாத, எப்போதும் கிடைக்கக்கூடிய ஒரு பெல்லட் போதும். சோதனை, மாநில அளவை எட்டிப்பிடிக்கும் தருணத்தில் தொடங்கட்டும்.

சோதிக்கும்போது மறுநிரப்பல்காரரின் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டலை ரப்பர் ஒட்டிய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) பிடியருகே பூட்டுங்கள்; காற்று சிலிண்டரின் மேல் அழுத்தம் படலாகாது. ஒவ்வொரு பெல்லட்டிலும் பத்துப் பத்தாகப் பல கூட்டங்கள் சுடுங்கள். ஒரு வகையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுடுங்கள், இல்லையென்றால் மதிய வெப்பமோ வைஸின் தளர்வோ ஒரு பெல்லட்டின் கணக்கில் மட்டும் ஏறிவிடும். வகை மாற்றும்போதெல்லாம் முதல் சில பெல்லட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் படிந்திருக்கும் பழைய ஈயப்படலம் மாற அவகாசம் வேண்டும். எல்லாத் தலை அளவுகளையும் ஒரே நாளில் தேடாமல், முதலில் இரண்டு மூன்று தயாரிப்புகளில் 4.49, 4.50 ஆகியவற்றை மட்டும் பார்த்து, அதில் வென்றதன் அக்கம்பக்க அளவுகளை அடுத்துப் பார்ப்பது செலவைக் குறைக்கும். எடை பார்த்துப் பிரிப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். தலை அளவும் லாட்டும் (ஒன்றாகச் செய்யப்பட்ட தொகுதி) சரியாக அமைந்த பிறகு எடைப் பிரிப்பால் கிடைப்பது சிறிதே.

லாட் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பெல்லட்டுகள் அச்சுகளில் அழுத்திச் செய்யப்படுகின்றன. அச்சு தேயும், மாற்றப்படும். அதே பெயர், அதே 4.50, அதே விலை கொண்ட இரண்டு டப்பாக்கள் வெவ்வேறு அச்சில் பிறந்திருந்தால் உங்கள் குழலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும். டப்பாவின் பின்புறம் உள்ள லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, சோதனையில் தேறிய லாட்டிலேயே அந்தப் பருவம் முழுவதற்கும் வேண்டியதை ஒன்றாக வாங்கிவிடுவது உத்தமம். நம் பகுதியில் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்பியோ, கூரியரிலோ வாங்குபவர்கள் அதிகம் என்பதால், பணத்தைக் கட்டுமுன் லாட் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கு முன்னேறும் வீரர்களுக்கும் இதே விதிதான். அந்தத் தோட்டாவை யாரும் வீட்டில் நிரப்புவதில்லை, உலகச் சாம்பியனும் லாட் சோதித்தே வாங்குகிறார்.

தட்பவெப்பம் பற்றிய கவலை பலருக்கு உண்டு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதைவிடத் தாழ்ந்தும் வெப்பம் மிகுந்தும் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் மாறி மாறிப் பயிற்சி செய்தால் பெல்லட் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். பத்து மீட்டர் தூரத்தில் காற்றின் அடர்த்தி வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உள்ள அழுத்தக் காற்றுத் துப்பாக்கியில் வெப்பத்தின் தாக்கமும் சிறிதே. கார்பன் டை ஆக்சைடில் இயங்கும் பழைய பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும் என்பதால், ஓசூரின் மார்கழிக் காலையில் திருத்திய குறி தருமபுரியின் சித்திரை மதியத்தில் நிற்காது.

பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைத் தின்பண்டத்தைத் தொடவிடாதீர்கள். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு குழலைத் திறக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். ஈரக்காற்றில் நாள்பட்ட ஈயத்தின்மேல் வெண்படலம் பூக்கும். அந்த டப்பாவைப் போட்டிக்கு எடுத்துப் போக வேண்டாம். குழல் மாற்றினாலோ, துப்பாக்கி சர்வீஸுக்குப் போய்த் திரும்பினாலோ, வைத்திருந்த லாட் தீர்ந்தாலோ சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். பழைய அட்டைகளைத் தூக்கி எறியாமல் தேதி, லாட் எண், தலை அளவு எழுதிக் கோப்பில் வைத்திருந்தால், புதிய லாட்டின் அட்டையை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம்.